பெரிய சைஸ் மாஸ்டர்

எங்கள் தையல் கூடத்தில் சின்ன சைஸுக்கும் நடு சைஸுக்கும் அட்டையில் வெட்டிய அளவு உண்டு. ஆகப் பெரிய சைஸுக்கு மட்டும் அட்டை கிடையாது. இருந்த ஒன்றும் நைந்து கிழிந்துபோன பிறகு, புதிது செய்ய யாருக்கும் தோன்றவில்லை. கட்டிங் மாஸ்டர்தான் இருந்தாரே. காவலாளிகளுக்கும் வண்டி ஓட்டுநர்களுக்கும் யூனிபார்ம் தைத்துக் கொடுக்கிற இடம் எங்களுடையது. பெரிய சைஸில் முதல் சட்டை தைத்து முடிந்ததும் மாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு கையைத் தூக்குவார், குனிவார், நாற்காலியில் தொப்பென்று உட்காருவார். பொத்தான் தெறிக்கவில்லை என்றால் "வெட்டலாம்" என்பார். துணியை அடுக்கடுக்காக விரித்து, வெட்டு மெஷினை ஓட்டி, அதே அளவில் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிடுவார். ஒரு புகார் வந்ததில்லை. அத்தனை நம்பகமான வயிறு அது.

நான் அங்கே காஜா போடுகிறவள். சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதுதான் காஜா. என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். மாஸ்டர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். பகலில் அவரைக் கூடத்தில் கண்ணால் பார்த்தேன், மற்ற நேரம் கீழே நடப்பதைக் காதால் கேட்டேன். அதனால் இதை நான் சொல்வதுதான் சரி. அவருடைய மனைவி சொல்லும் கதை வேறு மாதிரி இருக்கும்.

மாஸ்டர் தின்பதற்கென்றே பிறந்தவர். அவருக்குக் காலில் வந்த புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. உடம்பைக் குறைத்தால்தான் கால் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லாத வீடு. கண்டித்து வளர்க்க அக்காவுக்கு அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அன்றைக்கே சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது, சாவி அவள் இடுப்புக்குப் போனது.

மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. பொய் சொன்னார். சொன்னார் என்ன, பொய்யிலேயே குடித்தனம் நடத்தினார். வெட்டுத் துணி மூட்டைக்குள் கேக்கை ஒளித்து வைத்தார். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்திருந்து துப்பினார். ஒருநாள் கூடத்தில் மயக்கம் வந்ததுபோல் விழுந்து, "சக்கரை… சக்கரை…" என்று முனகினார். பதறிப்போய் ஒரு தையல்காரர் இனிப்பை வாயில் வைக்க, கண்ணைத் திறக்காமலேயே "இன்னொண்ணு" என்றார். அன்று கூடமே சிரித்த சிரிப்பில் ஊசி ஒடிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், தன் பிறந்த நாளைக்கு இனிப்புச் சாப்பிடலாம் என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னதுதான். அக்கா டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டாள். அவர் இவளைத்தான் கடிந்துகொண்டார்: இதற்கெல்லாமா போன் செய்வது என்று. அந்த அவமானத்தை அவள் மறக்கவே இல்லை.

மறுநாள் அக்கா கூடத்துக்கே வந்தாள். எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, இவருக்கு ஒரு பருக்கை இனிப்புக் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினாள். வாசல் டீக்கடைக்காரரிடமும் வாங்கினாள். நான் மட்டும் செய்யவில்லை. எனக்கு அவள் எஜமானி இல்லை. தவிர, அந்தக் கேக்கை வாங்கிக் கொடுத்தவளே நான்தான், அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. அன்றிலிருந்து அக்காவின் கண்ணில் நான் அவருடைய கூட்டுக் களவாணி.

பலன் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரை இறங்கியது, புண் ஆறியது, வயிறு உள்ளே போனது. தாடை என்று ஒன்று அவருக்கு இருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெருப் பெண்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர்கள் இல்லாமலா? ஒவ்வொருத்தியாக அக்காவிடம் யோசனை கேட்க வந்தார்கள். காலையில் நடக்கப் போகும் கூட்டத்துக்கு அக்கா தலைவி ஆனாள். அதுவரை அவள் பேச்சை அந்தத் தெருவில் காது கொடுத்துக் கேட்டவர் கிடையாது.

யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், மாஸ்டரைக் கூப்பிடுவாள்.

"இங்க வாங்க. அந்தப் பழைய பேண்ட்டப் போட்டுட்டு வாங்க."

அவர் போட்டுக்கொண்டு வருவார். அக்கா இடுப்புப் பட்டையை முன்னால் இழுத்துக் காட்டுவாள். உள்ளே இன்னொரு ஆள் நிற்க இடம் இருக்கும். பெண்கள் கை தட்டுவார்கள். மாஸ்டர் பேண்ட்டைப் பிடித்தபடி, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப் போல நிற்பார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

நிற்க வேண்டிய இடத்தில் அந்த இளைப்பு நிற்கவில்லை. வயிறு போன பிறகு தோள் போனது. கன்னம் ஒட்டியது. கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தது. துணி அடுக்கைத் தூக்கும்போது மூச்சு வாங்கினார். அக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எடை இறங்க இறங்க அவள் மதிப்பு ஏறியது. தினம் சாயங்காலம் அவர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பாள். எண் குறைவாக வந்தால் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கூவிச் சொல்வாள். எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கீழேயும் ஓர் எல்லை இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னவர்களை அவள் நம்பவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது சட்டைதான். ஒரு காவல் நிறுவனத்துக்குப் போன பெரிய சைஸ் சட்டைகள் அத்தனையும் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. ஒருவருக்கும் பொத்தான் போட முடியவில்லையாம். முதலாளி ஒரு சட்டையை எடுத்து மாஸ்டர் முகத்தில் எறிந்தார்.

"என்னய்யா வெட்டிருக்க? இது பெரிய சைஸா?"

"நான் போட்டுப் பாத்துத்தானே வெட்டினேன், முதலாளி. லூசாவே இருந்துச்சு."

"ஒன்னைய யாரு போட்டுப் பாக்கச் சொன்னா? கண்ணாடியில மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?"

கூடம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். பழக்கம், வேறென்ன. இத்தனை வருஷமாக அந்த உடம்பில் போட்டுப் பார்த்தே வெட்டியவர், உடம்பு பாதியான பிறகும் அதிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. மதியம் அவர் என் மெஷின் பக்கம் வந்து நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"காஜா, நடு சைஸ் எனக்கு லூசா இருக்கும்மா."

அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அக்காவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள். டாக்டர் எடை பார்த்ததும் முகம் சுளித்தார்.

"குறைய வேண்டியது எப்பவோ குறைஞ்சாச்சுங்க. இனிமே குறைஞ்சா அதுவே வியாதி. இப்ப நிறுத்தணும்."

"எப்படி டாக்டர் நிறுத்தறது?"

"சாப்பிட்டுத்தான். தினமும் ஒரு முன்னூறு கலோரி கூட்டுங்க. காலைல ஒரு ரொட்டி கூட, மதியம் ஒரு கரண்டி சோறும் பருப்பும் கூட, சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலை. வாரம் ஒரு தடவ எடை பாருங்க. அப்பவும் எறங்கினா இன்னும் கொஞ்சம் கூட்டணும், ஏறினா கொஞ்சம் கொறைக்கணும். எடை ஒரே எடத்துல நிக்கணும், அவ்வளவுதான். அப்புறம் மாத்திரை. அது அந்தப் பழைய உடம்புக்கு எழுதினது. இனிமே பாதி போதும். இத்தனை கொஞ்சமா சாப்பிட்டுட்டு முழு மாத்திரை போட்டா ஆளு விழுந்துருவீங்க. வேர்த்துக் கொட்டினா, கை நடுங்கினா, ஒடனே சக்கரைய வாயில போட்டுக்குங்க."

மாஸ்டர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். டாக்டரே சாப்பிடச் சொல்லிவிட்டார்! கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாத்திரையும் பாதி, சாப்பாடும் கூட! நல்லா இருக்கே. இனிப்புக் கடை வைக்கச் சொல்லலயா டாக்டர்?"

"நெசமாத்தான் சொல்றேன். இந்தா, காஜாவைக் கேளு."

"அவளைக் கேக்கணுமா? கேக்கு வாங்கிக் குடுத்தவளே அவதான!"

"அக்கா, என் காதால கேட்டேன்" என்றேன். "போன் போட்டுக் கேளுங்க."

"இன்னொரு தடவ போன் போட்டு நான் திட்டு வாங்கணும், நீங்க ரெண்டு பேரும் மறைவுல நின்னு சிரிக்கணும். அடுத்த தடவ நானே கூடப் போய்க் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இருக்கறது இருக்கறபடிதான்."

நானே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், சாப்பாட்டு விஷயம் பார்க்கிற நர்ஸிடம் சொல்லி, அக்காவுக்குப் போன் போட்டுப் பேச வைத்தேன். அந்தப் பெண் பாவம், பொறுமையாகத்தான் பேசியிருக்கும். நான் வீடு திரும்பி மாடியில் இருந்தபோது, கீழேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"கொரல மாத்திப் பேசினா கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனப்பா? நீ மாடில இருந்துதான் பேசறேன்னு எனக்குத் தெரியும்டி!"

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு படியை ஒரே தாவாகத் தாவி இறங்கினேன். அந்தத் தெரு அதுவரை கேட்காத வார்த்தையெல்லாம் கேட்டது. அவள் என்னை மாடியைக் காலி செய்யச் சொன்னாள். செய்கிறேன், அந்த மனுஷனுக்கு முதலில் சோறு போடு என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

கூடத்தில் நான் அவருக்குச் சாப்பாடு கொடுக்காமல் இல்லை. என் டப்பாவில் பாதியை அவர் பக்கம் தள்ளுவேன். ஒரு வாரம் ஆசையாகச் சாப்பிட்டார், முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஆனால் சாயங்காலம் விரல் குத்தும் மெஷின் காத்துக்கொண்டிருந்ததே. எண் சற்றே கூடியதும் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கூடியதும் நல்ல அளவுதான், டாக்டர் பார்த்தால் சபாஷ் என்றிருப்பார். அவளோ வெளியில் தின்றதற்குத் தண்டனையாக இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். முழு மாத்திரையையும் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். மதியம் என்னிடம் ஒரு கவளம் வாங்கினால், ராத்திரி அவளிடம் இரண்டு கவளம் போயிற்று. அவர் என் டப்பாவைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தார்.

"ஏன் மாஸ்டர், வாய் இல்லையா உங்களுக்கு? சத்தம் போட்டுக் கேளுங்களேன்!"

"பொய்யன்னு பேரு வாங்கியாச்சும்மா. இனி எந்த மூஞ்சிய வச்சுக் கேக்கறது?" என்றார். டப்பாவை மூடிக்கொண்டே, "பாவம், அவ பேச்ச இப்பத்தான் நாலு பேர் கேக்கறாங்க. நான் ஏறிட்டேன்னா அவளுக்குத் தெருவுல தல காட்ட முடியாது" என்றார்.

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பட்டினி கிடக்கிறவனுக்கு இத்தனை பெருந்தன்மை எதற்கு?

ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் கீழே அவர் அழுகிற சத்தம் கேட்கும். பெரிய மனுஷர் ஒருவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விசும்புகிற சத்தம். "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்பார். "நடிப்பெல்லாம் வேற எடத்துல வச்சுக்குங்க" என்பாள் அக்கா. குரலில் கோபம்கூட இருக்காது. குழந்தையிடம் பேசுகிற குரல் அது, பிரியமான குரல். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஒருநாள் முதலாளி, நான் காஜா போட்ட உருப்படிகளை இஸ்திரி போடுகிற இடத்தில் எண்ணிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார், நான் போயிருந்தேன். நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். மாஸ்டர் காலையிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்கிறார். காரணமில்லாமல் ஒருவரைத் திட்டினாராம், பிறகு தானாகச் சிரித்தாராம். வெட்டு மெஷின் கோட்டை விட்டு ஓடியது. அவர் கையை எடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சக்கரை… சக்கரை" என்றார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"ஆரம்பிச்சுட்டார்யா மாஸ்டர்!" என்றார் முன்பு ஏமாந்த தையல்காரர். "இந்தத் தடவ ஏமாற மாட்டோம்."

விழுந்தார். கை தட்டினார்கள். நன்றாக விழுந்தாராம், போன தடவையைவிடத் தத்ரூபமாக. ஒருத்தர் போய்க் காதில், "இன்னொண்ணு வேணுமா மாஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அலுத்துப்போனால் தானே எழுந்து வருவார் என்று விட்டுவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அவர் மேஜைக்கடியில் கிடந்தார். கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்கு ஓடினேன்.

"சக்கரை குடுங்க, சீக்கிரம்! மாஸ்டர் விழுந்துட்டார்!"

டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவைக் கையால் மூடிக்கொண்டார். "அந்தம்மாகிட்டச் சத்தியம் பண்ணிருக்கேன். அவருக்கு ஒண்ணு ஆனா என்னையத்தான் சொல்லுவாங்க."

டப்பாவைப் பிடுங்கினேன். அவர் கையில் நகம் கீறி ரத்தம் வந்தது, வரட்டும். ஆனால் மாஸ்டர் வாயில் போட்ட சர்க்கரை போட்ட இடத்திலேயே இருந்தது. விழுங்கத் தெரியவில்லை அவருக்கு. பல் இறுகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, அவர் எழுந்திருக்கவில்லை. மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது என்றார்கள். அக்கா ஓடி வந்தாள். அதே டாக்டர்தான் வெளியே வந்தார்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. சாப்பாட்டக் கூட்டச் சொன்னேன், மாத்திரையப் பாதியாக்கச் சொன்னேன். அவர் ஒங்ககிட்டச் சொல்லலையா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

"சொன்னார்" என்றாள்.

மாஸ்டர் கண் விழிக்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

வீட்டு முன்னறையில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கூடத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். அன்று கை தட்டியவர்கள் சுவரோரம் நின்றார்கள், யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. காலையில் நடக்கப் போகும் பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒடம்ப என்னமா வச்சிருந்திருக்கார் பாரு. தொப்பைன்னு பேருக்குக்கூட இல்ல" என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்று தலையாட்டினாள். செத்துக் கிடந்தவரைப் பார்த்துத்தான் சொன்னாள், நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நெனக்காதீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் நேத்து சக்கரை முன்னூறு காட்டுச்சு. ராத்திரிக்கு இவருக்கு என்னதான் குடுத்தீங்க?"

நான் எழுந்து அவளை அறைந்திருப்பேன். அதற்குள் அக்கா வாயைத் திறந்துவிட்டாள். கண் கட்டிலின் மேல் இருந்தது, வாய் தானாகப் பேசியது.

"ரெண்டு துண்டு ரொட்டி. வேகவச்ச காய், எண்ணெ இல்லாம. அதுக்கு மேல கேப்பாங்க. குடுக்கக் கூடாது."

"கேட்டு அழுதா?"

"அழுவார். தட்டப் புடிச்சுக்கிட்டு அழுவார். நான் ஏமாறவே மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் உதடு கோணிக்கொண்டது. "நெசமாவே பசிச்சிருக்கு அவருக்கு. நடிக்கிறாருன்னு நெனச்சேன். பசிச்சுத்தான் அழுதிருக்கார்."

பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் கையைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"சரி, காலைல?"

"முட்டை" என்றாள் அக்கா. "வெள்ளைக்கரு மட்டும்."